மின்னூல் படிக்கக் கருவி வாங்கும் முன், போனில் ஒரு மாதம்

ஒன்றேகால் ஆண்டுக்குள் இரண்டு வாசிப்புக் கருவிகள் வாங்கினேன். முதலாவது தமிழ் எழுத்தைப் பிய்த்துப் போட்டது. இப்போது மேசை இழுப்பறையில் பழைய சார்ஜர்களோடு கிடக்கிறது. இரண்டாவதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்கேன் செய்த பழைய நூல்களைப் படிப்பதற்காகத்தான் அதை வாங்கினேன். அந்த ஒரு வேலை மட்டும் அதனால் ஆகவில்லை. வாங்கும் முன் மூன்று வாரம் உட்கார்ந்து பாட்டரி எத்தனை நாள் வரும், எடை எத்தனை கிராம், வெளிச்சம் கண்ணை உறுத்துமா என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். "என்ன புத்தகம் படிக்கப் போகிறாய், அது எந்த வடிவத்தில் கிடைக்கிறது?" என்று என்னையே ஒருமுறை கேட்டிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

போன் போதுமா, தனிக் கருவி வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் செய்த வரிசையைத் தலைகீழாக மாற்றியிருக்கிறேன்: முதலில் புத்தகம், பிறகு போன், கடைசியில்தான் கடை. ஒரு சொல் விளக்கம் மட்டும். எல்லா நகலையும் ஜெராக்ஸ் என்பதுபோல எல்லா வாசிப்புக் கருவியையும் நாம் கிண்டில் என்கிறோம். இங்கே கிண்டில் என்றால் அமேசான் விற்பது மட்டும்.

1. புத்தகப் பட்டியல் எழுதுங்கள்

நேரம்: ஒரு மாலை. செலவு: இல்லை.

அடுத்த ஆறு மாதத்தில் நீங்கள் உண்மையாகவே படிக்க நினைக்கும் 20 நூல்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்து, பக்கத்தில் நான்கில் ஒரு குறி போடுங்கள்.

க: கடையில் மின்னூலாக விலைக்குக் கிடைக்கிறது.
இ: இலவசமாக, ஒழுங்கான எழுத்து வடிவில் கிடைக்கிறது.
ஸ்: ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும் கிடைக்கிறது.
அ: அச்சில் மட்டும்.

தமிழ் வாசகருக்கு இந்தப் பட்டியல் பெரிய கண்திறப்பு. ஆங்கிலம் படிப்பவர் எதைத் தேடினாலும் மின்னூல் கிடைக்கிறது. நமக்கு அப்படி இல்லை. என் பட்டியலில் 'அ' ஏழு, 'ஸ்' எட்டு. மீதி ஐந்து நூல்களுக்காகவா பல ஆயிரம் ரூபாய் செலவழிப்பது? 'அ' அதிகமாக வந்தால் அந்தப் பணத்துக்குப் புத்தகமாகவே வாங்கிவிடுங்கள். 'ஸ்' அதிகமாக வந்தால் 6 அங்குலக் கருவியை மறந்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்த படியில் வரும். 'க', 'இ' இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல் இருந்தால்தான் தனிக் கருவியைப் பற்றி யோசிப்பதில் பொருள் உண்டு.

'இ' வகைக்கு எங்கே தேடுவது? மதுரைத் திட்டத்தில் சங்க நூல் தொடங்கி நாட்டுடைமையான நாவல்கள் வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இக்கால எழுத்தாளர்கள் தாங்களே உரிமம் கொடுத்த நூல்கள் இருக்கின்றன. பல நூல்கள் இபப் (எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிப் படிக்கும் மின்னூல் கோப்பு) வடிவிலும் 6 அங்குலத் திரைக்கு ஏற்ற பிடிஎஃப் வடிவிலும் கிடைக்கும். தமிழ் விக்கிமூலத்தில் எந்த நூலையும் இபப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். மெய்ப்புப் பார்க்காத பக்கங்களில் மட்டும் பிழைகள் மொய்க்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளமும் பெரும் களஞ்சியங்கள். ஆனால் அங்கே உள்ளவை பெரும்பாலும் 'ஸ்' வகை. சிங்கப்பூரில் இருப்பவர்கள் தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர் கணக்கைக் கொண்டே தமிழ் மின்னூல்களை இரவல் எடுக்கலாம்.

குழுக்களில் சுற்றும் திருட்டுப் பிடிஎஃப்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அறம் ஒருபுறம் இருக்கட்டும். பத்தில் எட்டு, போனில் சாய்வாகப் படம்பிடித்த பக்கங்கள். நடுவில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் வேறு.

2. கோப்பின் சாதியைக் கண்டுபிடியுங்கள்

நேரம்: ஒரு கோப்புக்கு ஒரு நிமிடம்.

பார்வைக்கு எல்லாத் தமிழ்ப் பிடிஎஃப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே மூன்று வகை உண்டு. கண்டுபிடிக்கும் வழி எளிது: போனில் கோப்பைத் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சொல் தேர்வானால் அதை நகலெடுத்து, குறிப்புச் செயலியில் ஒட்டிப் பாருங்கள்.

தமிழாகவே ஒட்டினால் அது ஒருங்குறி, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்து. கவலை இல்லை, எழுத்தைப் பெரிதாக்கலாம், தேடலாம், செயலியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாக ஒட்டினால், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினி என்ற அத்தகைய எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல், நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து விழும். பிடிஎஃப்பாகத் திறக்கும்வரை படிக்கலாம்; இபப்பாக மாற்றினால் நூல் முழுக்கக் குப்பையாகிவிடும். எழுத்துரு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. 300 பக்கத்தை அப்படி மாற்றிவிட்டு ஒற்றுப்பிழை திருத்த உட்கார்ந்தால், படிக்க நேரம் இருக்காது. நான் ஒரு நூலை மாற்றினேன். இரண்டாவதைத் தொடவில்லை.

விரலை வைத்தும் எதுவுமே தேர்வாகவில்லை என்றால் அது படம்; பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்தது. எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பக்கத்தைத்தான் பெரிதாக்க முடியும். அச்சில் சாதாரண அளவில் இருந்த பக்கம் 6 அங்குலத் திரைக்குள் சுருங்கும்போது, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைப் படிப்பதுபோல இருக்கும். பெரிதாக்கி, வரிக்கு வரி இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்கலாம். வாசிப்புக் கருவிகளில் இருக்கும் மின்தாள் திரை ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு கணம் தயங்கித்தான் மாறும். பத்துப் பக்கத்தில் வெறுத்துவிடும். கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பி, ஓரத்து வெற்றிடத்தைக் கத்தரித்துவிட்டால் சிறிய நூல்கள் ஓரளவு தேறும். 'ஸ்' வகைதான் உங்கள் உலகம் என்றால் 10 அல்லது 11 அங்குல டேப்லெட் வாங்குங்கள். என் இரண்டாவது கருவி கற்றுக்கொடுத்த பாடம் இது.

விலைக்கு விற்கும் மின்னூலிலும் இந்தப் படவகை ஒளிந்திருக்கும். கிண்டில் கடையில் நூலின் விவரப் பகுதியில் 'என்ஹான்ஸ்டு டைப்செட்டிங்' என்ற வரிக்கு எதிரே 'எனேபிள்டு' என்று இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் பெரும்பாலும் எழுத்து வடிவம்தான். கோப்பின் அளவையும் பாருங்கள். வெறும் எழுத்து மட்டும் உள்ள நாவல் ஓரிரு எம்பிக்குள் அடங்கும். 60 எம்பி என்று போட்டிருந்தால் உள்ளே பக்கங்கள் படமாக இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் வந்தால் இலவச மாதிரியை இறக்கி, எழுத்து பெரிதாகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

3. ஒரு மாதம் போனிலேயே படியுங்கள்

நேரம்: 30 நாள். செலவு: இல்லை.

போனில் படிக்கவே முடியாது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் போனைச் சரியாக அமைத்துப் பார்க்காதவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

செயலி: ஆண்ட்ராய்டில் ரீட்எரா போதும். இலவசம், விளம்பரம் கிடையாது, இபப், பிடிஎஃப், மோபி எல்லாம் திறக்கும். ஐபோனில் ஆப்பிள் புக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. பல கருவிகளில் மாறி மாறிப் படிப்பவர்கள் கூகுள் பிளே புக்ஸில் தங்கள் கோப்பை ஏற்றிவைத்தால், விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம். கிண்டில் கடையில் வாங்கும் நூலுக்குக் கிண்டில் செயலி. அந்தச் செயலிக்குள் வாங்கும் பொத்தான் காணவில்லை என்றால் குழம்ப வேண்டாம். பிரவுசரில் அமேசான் தளத்துக்குப் போய் வாங்கினால் நூல் தானாகச் செயலிக்கு வந்துவிடும்.

எழுத்துரு: போனோடு வரும் தமிழ் எழுத்து பொத்தான்களுக்காக வரைந்தது, நூறு பக்கம் படிப்பதற்கானது அன்று. நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் ஆகிய மூன்றும் கூகுள் எழுத்துருத் தளத்தில் இலவசம். இறக்கி, வெளி எழுத்துருவை ஏற்கும் செயலியில் சேர்த்து, ஒரே பக்கத்தை மூன்றிலும் படித்துப் பாருங்கள். எனக்கு மீரா இனிமை ஒத்துவந்தது.

ஓரச்சீர்: இதுதான் முக்கியம், யாரும் சொல்லாததும் இதுதான். பெரும்பாலான செயலிகள் வரியின் இரு ஓரத்தையும் நேராக்கி வைத்திருக்கும். ஆங்கிலத்தில் சொற்கள் சிறியவை. அங்கே அது அழகு. நம்முடைய 'சொல்லிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்ற ஒரு சொல் போன் திரையின் ஒரு வரியைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். அது அடுத்த வரிக்குத் தாவினால், முந்தைய வரியில் மிஞ்சிய இரண்டு சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். இடையே லாரி போகும் அளவு இடைவெளி. அமைப்பில் இடப்பக்கம் மட்டும் சீராக்கும் தெரிவைப் போடுங்கள். வலது ஓரம் ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். ஆனால் கண் தடுமாறாது.

பின்னணி: பகலில் மங்கிய பழுப்பு, இரவில் கறுப்பு. கறுப்பில் தூய வெள்ளை எழுத்து வேண்டாம். சாம்பல் எழுத்து போடுங்கள். திரை வெளிச்சத்தைத் தானியங்கியில் விடாமல் கையால் குறையுங்கள்.

அறிவிப்புகள்: படிக்கத் தொடங்கும்போது 'தொந்தரவு செய்யாதே' நிலையைப் போடுங்கள். அழைப்பு வராவிட்டாலும் பரவாயில்லை என்றால் விமான நிலையே மேல். சமையல் வாயு பதிவுச் செய்தியும் குடியிருப்புக் குழுவின் தண்ணீர் லாரிச் சண்டையும் ஓர் அத்தியாயம் காத்திருக்கட்டும்.

ஒரு மாதத்துக்கு ஒரு சிறு கணக்கு வையுங்கள். எத்தனை நிமிடம் படித்தேன், எதனால் நிறுத்தினேன் என்று இரண்டே பத்திகள் போதும். 'தூக்கம்', 'பஸ் வந்துவிட்டது' என்று எழுதினால் போன் உங்களுக்குப் போதும். 'கண் எரிச்சல்', 'வாட்ஸ்ஆப் பார்க்கப் போனேன்', 'சார்ஜ் இல்லை' என்று பத்து நாளுக்கு மேல் எழுதியிருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள். புத்தகமே திறக்காத நாள்தான் அதிகம் என்றால், எந்தக் கருவியும் உங்களைப் படிக்க வைக்காது. இப்படி எழுதுவதற்குப் பலர் என்மேல் கோபிக்கலாம். என் நண்பர்கள் இருவரின் கருவிகள் பரிசுப் பெட்டியிலேயே தூங்குகின்றன.

4. கருவி எதற்கு நல்லது, எதற்கு இல்லை

போன் திரை கண்ணை நோக்கி வெளிச்சம் வீசுகிறது. மின்தாள் திரைக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னூட்டத்துக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன; நாம் பார்ப்பது அச்சுத்தாளைப் போல அதன்மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை. அதனால் மொட்டை மாடி வெயிலில் போன் கண்ணாடியாகிவிடும்போது இதில் எழுத்து இன்னும் தெளிவாகும். பக்கம் மாறும்போது மட்டுமே திரை மின்சாரம் எடுக்கும். தினம் அரைமணி நேரம் படித்தால் பாட்டரி சில வாரம் வரும். இரவுக்கு ஓரத்திலிருந்து பரவும் விளக்கு இருக்கிறது.

எனக்குப் பெரிய நன்மையாகப் பட்டது வேறு. அதில் புத்தகம் தவிர ஒன்றுமே இல்லை. அதற்காகவே வாங்கலாம்.

இனி, அதில் ஆகாதவை. வண்ணப் படம் உள்ள சிறுவர் நூல், சித்திரக்கதை, கணக்குப் புத்தகம், அடிக்குறிப்புக்கும் பக்கத்துக்கும் தாவித் தாவிப் படிக்கும் ஆய்வு நூல் எல்லாவற்றுக்கும் சாதாரண மின்தாள் கருவி எரிச்சல் தரும். சொல்லைத் தொட்டு அகராதிப் பொருள் பார்ப்பது ஆங்கில நூலில் சுகம். தமிழில் 'வந்துகொண்டிருந்தான்' என்பதைத் தொட்டால், 'வா' என்ற வேரை அகராதி தேடிப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பஸ்ஸில், வங்கி வரிசையில், மருத்துவமனைக் காத்திருப்பில் கையில் எப்போதும் இருப்பது போன்தான். அந்தத் துண்டு நேரங்களில் கருவி வீட்டில் இருக்கும்.

5. வாங்குவது: விலை, பில், முதல் பத்து நாள்

கிண்டில் பேப்பர்வொயிட்டின் இப்போதைய தலைமுறை 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 16,999 ரூபாய். 7 அங்குலத் திரை, 16 ஜிபி, 211 கிராம். உறை, திரைக் காப்பு என்று இன்னும் ஆயிரம் இரண்டாயிரம் சேரும். உறை கட்டாயம் வேண்டும். பையில் டிஃபன் பாக்ஸோடு போனால் மின்தாள் திரை உடையும். உடைந்தால் மாற்றும் செலவுக்குப் புதியதே வாங்கலாம். 16 ஜிபியா 32 ஜிபியா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். நாவல்கள் ஆயிரக்கணக்கில் கொள்ளும்.

கோபோ, பாக்கெட்புக், ஓனிக்ஸ் பூக்ஸ் முதலியன பெரும்பாலும் இறக்குமதிக் கடைகள் வழியாகவோ ஊருக்கு வரும் உறவினர் பெட்டியிலோ வருகின்றன. பூக்ஸ் ஆண்ட்ராய்டில் ஓடுவதால் நம் செயலிகளையே அதில் போடலாம். அந்த வசதிக்கு விலையும் கூடுதல். வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்தால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, சுங்க வரி. தளத்தில் காட்டும் விலை கடைசி விலை அன்று. இரண்டு, கூரியர் நிறுவனம் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்கும்; ஆதார் முகவரியும் பொட்டல முகவரியும் வேறுபட்டால் பொட்டலம் நின்றுவிடலாம். மூன்று, உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடலாம். வாங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் முதலில் வாங்கியது ஒரு சிறு கடையின் இறக்குமதிக் கருவி. "எல்லா மொழியும் வரும்" என்றார் கடைக்காரர். வந்தது; எழுத்துகள் தனித்தனியாக வந்தன. 'கொடி' என்பதில் 'க' ஒருபக்கம், கொம்பு ஒருபக்கம், நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். கணினி 'கொ' என்பதைக் ககரமும் அதற்குப் பின் ஓர் உயிர்க்குறியுமாக வைத்திருக்கிறது. திரையில் வரையும்போது கொம்பை முன்னேயும் காலைப் பின்னேயும் கொண்டுவந்து நிறுத்துவது கருவியின் மென்பொருள் வேலை. அது தெரியாத கருவியில் எந்த எழுத்துரு போட்டாலும் பயனில்லை. எனக்கு இது விளங்க 23 நாள் ஆயிற்று. கடையின் மாற்றிக்கொள்ளும் காலம் 10 நாள்.

ஆகவே பெட்டியைப் பிரித்த அன்றே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு வெற்றுக் கோப்பில் இந்தப் பத்துச் சொற்களை எழுதிக் கருவிக்கு அனுப்புங்கள்:

கொடி, கோழி, கௌதாரி, பையன், தூண், மூங்கில், ஔவை, பக்ஷி, ஸ்ரீரங்கம், கொண்டிருந்தார்களோ

எல்லாம் ஒட்டி, சரியாக வருகிறதா? புத்தகப் பெயர்ப் பட்டியலிலும் அட்டையிலும் தமிழ் வருகிறதா? சில கருவிகள் நூலுக்குள் தமிழைச் சரியாகக் காட்டும், பட்டியலில் கட்டம் கட்டமாக விடும். கூடவே ஒரு முழு நூலை அனுப்பி, எழுத்தைப் பெரிதாக்கிக் குறைத்து, 20 பக்கம் புரட்டுங்கள். மொத்தம் இரண்டு மணி நேர வேலை. அதை மாற்றிக்கொள்ளும் காலத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆர்டர் போடும் முன் இன்னொன்று: 'மாற்றித் தருவோம்' வேறு, 'பணம் திருப்பித் தருவோம்' வேறு. முதலாவது மட்டும் இருந்தால், தமிழ் வராத கருவிக்குப் பதில் தமிழ் வராத இன்னொரு கருவி வரும்.

எடுத்து வைக்க வேண்டியவை: உங்கள் பெயரில் பில், பெட்டியில் உள்ள வரிசை எண்ணின் படம், பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ, கடைக்காரரோடு பேசிய செய்திகள். கடைசியாகச் சொன்னது என்னிடம் இருந்திருந்தால் முதல் கருவியின் பணத்தில் பாதியாவது மீண்டிருக்கும். எல்லாவற்றையும் நான் வாய்ப்பேச்சிலேயே முடித்திருந்தேன்.

பழைய கருவி வாங்குகிறீர்களா? விற்பவர் முன்னிலையிலேயே அமைப்புக்குப் போய் அவருடைய கணக்கை நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கை நுழைத்து, ஒரு நூல் இறங்குகிறதா பார்த்த பிறகு பணம் கொடுங்கள். தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ புகார் ஆன கருவி உங்கள் கணக்கை ஏற்காது. வைஃபை இல்லாத டீக்கடையில் சந்திக்காதீர்கள். போனின் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்துக்கொண்டு போங்கள், பழைய கருவிகள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது.

6. கணக்கும் கோப்பும்

கடையைத் தேர்ந்தால் கருவியையும் தேர்ந்தாயிற்று. கிண்டிலில் வாங்கிய, நகலெடுக்க முடியாதபடி பூட்டுப்போட்ட நூலைக் கோபோவில் திறக்க முடியாது. கூகுளில் வாங்கிய பூட்டுப்போட்ட நூலும் கிண்டிலுக்குப் போகாது. போனில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. எல்லாக் கடையின் செயலியும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கணக்கை அலுவலக மின்னஞ்சலில் திறக்காதீர்கள். வேலை மாறினால் நூலகமும் போகும்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இபப் கோப்புகளைக் கிண்டிலுக்கு அனுப்ப மூன்று வழிகள்.

'செண்ட் டு கிண்டில்' இணையப் பக்கம்: கோப்பை இழுத்துப் போட்டால் போதும், 200 எம்பி வரை ஏற்கும். புதியவர்களுக்கு இதுதான் சரி.

மின்னஞ்சல்: ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உண்டு. 50 எம்பி வரை அனுப்பலாம். நீங்கள் எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறீர்களோ அதை அமேசான் கணக்கில் அனுமதிப் பட்டியலில் முதலில் சேர்க்க வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர்.

கேபிள்: கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, இபப்பை ஏஇசட்டபிள்யூ3 வடிவுக்கு மாற்றி நகலெடுக்கலாம். இபப்பை அப்படியே இழுத்துப் போட்டால் கிண்டிலின் பட்டியலில் தோன்றாது. கணினி கருவியைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். வீட்டில் கிடக்கும் கேபிள்களில் பாதி சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவைக் கடத்தாது. இதற்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருக்கிறேன்.

காலிபரில் பிடிஎஃப்பையும் இபப்பாக மாற்றலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம். ஒவ்வொரு வரியும் பாதியில் உடையும், பக்க எண் வாக்கியத்தின் நடுவே வந்து உட்காரும்.

7. சந்தா

கிண்டில் அன்லிமிடெட் போன்ற மாதச் சந்தாவில் தமிழ் நூல்கள் நிறைய உண்டு. இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள்: எடுப்பது இரவல், ஒரு நேரத்தில் 20 நூல்தான் வைத்திருக்கலாம். சந்தா நின்றால் நூலும் போகும். உங்கள் பட்டியலில் 'க' போட்ட நூல்களில் எத்தனை சந்தாவுக்குள் வருகின்றன என்று எண்ணுங்கள். மாதம் இரண்டுக்குக் குறைவாகப் படித்தால் தனித்தனியாக வாங்குவதே பெரும்பாலும் மலிவு.

இலவச மாதத்தைத் தொடங்கிய அன்றே, முடிவதற்கு மூன்று நாள் முன்னதாகப் போனில் நினைவூட்டல் வையுங்கள். தானாகப் பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அறிவிப்பு வரும், அது கடன் விளம்பரங்களுக்கு நடுவே வரும். நான் ஒரு சந்தாவை எட்டு மாதம் தொடாமலே கட்டினேன், குற்றம் முழுக்க என்னுடையது. யுபிஐ ஆட்டோபேயில் கட்டியிருந்தால் உங்கள் யுபிஐ செயலிக்குள் போயும் நிறுத்தலாம். ஆனால் சந்தாவைத் தளத்திலும் ரத்து செய்துவிட்டு, வந்த உறுதி அஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள்.

8. பெரியவர்களுக்கு அமைத்துக் கொடுக்கும்போது

தனிக் கருவிக்கு நான் தயக்கமில்லாமல் கை தூக்கும் இடம் இது. கண்புரை அறுவைக்குப் பிறகு என் அத்தைக்கு அச்சு எழுத்து சிறிதாகத் தெரிந்தது. போனில் படிக்கக் கொடுத்தேன். விரல் தவறிப் பட்டு, இரவு பத்து மணிக்குச் சம்பந்தி வீட்டுக்கு வீடியோ அழைப்பு போனது. அதன் பிறகு போனைத் தொட மாட்டேன் என்றுவிட்டார்.

இப்போது என் இரண்டாவது கருவி பாதி நாள் அவரிடம்தான் இருக்கிறது. எழுத்தை ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரி வரும்படி பெரிதாக்கினேன். வைஃபையை அணைத்தேன். முகப்பில் ஆறே நூல்கள். அதற்கு மேல் இருந்தால் எதைத் தொட்டோம் என்று தேடுகிறார். கடவுச்சொல் கிடையாது. பக்கம் புரட்ட எங்கே தொடுவது என்பதுதான் மறந்துபோயிற்று. மூன்றாம் நாள் அவரே வழி கண்டுபிடித்திருந்தார்: வலப்பக்கச் சட்டத்தில், கட்டைவிரல் படும் உயரத்தில், தம் நெற்றிப் பொட்டுகளில் ஒன்றை எடுத்து ஒட்டியிருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகும்போது சார்ஜ் ஏற்றி, முடித்த நூல்களை எடுத்துவிட்டுப் புதியன போட்டுவிட்டு, பொட்டு உதிர்ந்திருந்தால் இன்னொன்று ஒட்டிவிட்டு வருகிறேன்.